எமலிங்கம் வரை போய்த் திரும்பியவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நம் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு செய்தி. கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த 24 வயதுப் பையன் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துவிட்டான். தலைப்பில் ‘மாரடைப்பு’ என்று போட்டிருந்தீர்கள். செய்தியின் கடைசி வரியில், பத்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் ஆடப் போனான் என்று அவன் பெரியப்பா சொன்னதாக இருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் பெஞ்சில் இருந்த ஆறேழு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு வயது 43. ஊர் திருவண்ணாமலை. 19 வருடமாக வயர்மேன். ஓராண்டுக்கு முன்னால் எனக்கு வந்ததையும் ஊரில் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். அது மாரடைப்பு அல்ல, இதயத் தசை அழற்சி. டாக்டர்கள் மயோகார்டைட்டிஸ் என்கிறார்கள். அந்தப் பையனுக்கும் இதுதான் என்று சொல்ல நான் யார், அதைப் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும். ஆனால் காய்ச்சலில் இருந்து எழுந்து நேராக ஆடப் போனான் என்று படித்ததும் எனக்குத் தொண்டையை அடைத்தது. நானும் அப்படிப் போனவன்தான். நான் போனது தீப டூட்டிக்கு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் கடலோரத்துக்கு, மழை எங்களுக்கு. மறுநாள் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் போனார்கள். செங்கம் பக்கம் கிராமங்களில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு வாரத்துக்கு மேல் எங்களுக்குப் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் காட்டை ஒட்டிப் போகும் லைன் ஒன்றில் கம்பி மொத்தமும் உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்திருந்தது. இடுப்பளவு புதரில் இறங்கித்தான் இழுத்தோம். மதியச் சோறும் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துதான். ஊருக்குக் கரண்ட் வந்தபோது ஒரு கிழவி எங்கள் எல்லோருக்கும் திருஷ்டி கழித்தாள். கழித்தது போதவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 11 காலையில் குளிரெடுத்தது. தெருமுனைக் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு, ‘வைரல்தான், மூணு நாள்ல போயிடும்’ என்றார்கள். 13ஆம் தேதி தீபம். அன்றைக்கு எங்கள் வேலையில் இருக்கிறவன் லீவு கேட்டால் அவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். பாராசிட்டமால் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் 6 மணிக்கு மலை உச்சியில் தீபம் எரிந்தது, ஜனம் மொத்தமும் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்றது. எனக்கு இரண்டு தீபம் தெரிந்தது. கண்ணில் நீர், பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

16ஆம் தேதி ராத்திரி படுக்க முடியவில்லை. தலையைச் சாய்த்தால் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தே இருந்தேன். நெஞ்சுக்குள் கூடைக்குள் அடைத்த கோழி மாதிரி ஒரு படபடப்பு. மனைவி 108க்குப் போன் போட்டாள். இ.சி.ஜி. கோணலாக இருந்தது, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற பொருள் ஏறியிருந்தது. மாரடைப்பாக இருக்கலாம் என்று விடிவதற்குள் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோ செய்து பார்த்துவிட்டு, ‘ரத்தக்குழாய்ல அடைப்பே இல்ல’ என்றார்கள். மனைவி அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். அரைமணி நேரத்தில் எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்புக்குத் தன்னிடம் இருக்கிற ரத்தத்தில் பாதிக்கு மேல், 55 சதவீதமாவது வெளியே தள்ள வேண்டுமாம். என்னுடையது 30 தள்ளிக்கொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு பயிற்சி டாக்டர் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருப்பாள். ராத்திரி 2 மணிக்கு வந்து, ‘சார், உடம்பு முழுக்கப் பார்க்கணும், கூச்சப்படாதீங்க’ என்று சொல்லி அக்குள், தொடை இடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாள். இடுப்பு மடிப்பில் நின்றாள். சிகரெட்டால் சுட்டுவிட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவந்து.

‘இது எத்தனை நாளா இருக்கு?’

‘தெரியல மேடம். பெல்ட் உரசினதுன்னு நெனச்சேன்.’

‘வலிச்சுதா?’

‘இல்ல.’

வலிக்காது என்பதுதான் அதில் உள்ள விஷமமே. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி ஒன்றின் குஞ்சு கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைபஸ், நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். உண்ணிச்செடிப் புதரில் உண்ணிக் காய்ச்சல், பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. இந்த டாக்ஸிசைக்ளின் விலை உயர்ந்த மருந்தே இல்லை, ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் இதயம் வரை போயிருக்காது என்று அந்தப் பெண் சொன்னபோது, நான் அந்த ஊசிக்குக் கொடுத்த 250 ரூபாய் நினைவுக்கு வந்தது. இந்த நோய் ஐப்பசியில் இருந்து தை வரைதான் நம் பக்கம் அதிகம். 2025 ஜனவரியில் பொது சுகாதாரத் துறையும் எச்சரிக்கை கொடுத்தது. வயலிலும் புதரிலும் இறங்குகிறவர்கள் காய்ச்சல் வந்தால் உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டாரை விட்டுப் பார்க்கச் சொல்லி, வருடா வருடம் அக்டோபரில் நீங்கள் ஒரு கட்டம் கட்டிப் போட்டால் புண்ணியமாகப் போகும். இதயத் தசை அழற்சி எல்லாருக்கும் இந்த வழியாகத்தான் வரும் என்றில்லை. பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால்தான் வருகிறதாம். கொரோனாவிலும் வந்தது, டெங்குவிலும் வருகிறது.

முழங்கால் வீங்கினால் நொண்டுகிறோம், இரண்டு நாள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறோம். இதயமும் தசைதான். ஆனால் வீங்கினாலும் அது நொண்டிக்கொண்டே ஓடியாக வேண்டும், உட்கார முடியாது. அந்த நேரத்தில் அதன் மேல் வேகமான வேலையை ஏற்றினால் துடிப்பின் ஒழுங்கு கெட்டு, மனிதன் நின்ற இடத்திலேயே விழுந்துவிடலாம். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதம் ஓடாதே, தூக்காதே, ஏறாதே என்கிறார்கள். எனக்கு ஆறு மாதம். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். உப்பு குறை, தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், சாராயம் கூடாது, வலி மாத்திரையைக் கேட்காமல் போடாதே, கம்பம் கூடாது.

பயத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் தாளில் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கினேன். விரலில் மாட்டினால் துடிப்பு எண்ணிக்கை காட்டுமே, அது. காலையில் ஒருமுறை என்று ஆரம்பித்து, பல் தேய்க்கும் முன், தேய்த்த பின், மாடிப்படி முதல் படி, நாலாம் படி என்று நாளைக்கு நாற்பது தடவை. 72 என்றால் ‘நேத்து 68 தானே’ என்று பயம். 60 என்றால் நிற்கப்போகிறதோ என்று பயம். கடைசியில் மனைவி அதை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். அதன் பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டே டிவி பார்த்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் இதயம் அடிக்கும் சத்தம் கேட்கும், அதனால் வலது பக்கமே படுத்து வலது தோள் வலி கண்டது. எனலாப்ரில் என்ற மாத்திரையால் வறட்டு இருமல் வந்தது, அது நுரையீரலில் தண்ணீர் கோர்த்துவிட்டதாக்கும் என்று ஒரு வாரம் வீடே நடுங்கியது. மாத்திரையை மாற்றியதும் நின்றுவிட்டது. மனைவி பக்கம் திரும்பிப் படுக்கவே பயந்தேன். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆண் செவிலியரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ‘ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதா?’ என்றார். ‘இல்ல’ என்றேன். ‘அப்ப பிரச்சன இல்ல, போங்க’ என்றார். இவ்வளவுதான் விஷயம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

‘எத்தன ஸ்டென்ட் வெச்சாங்க?’

‘ஒண்ணும் வைக்கல.’

‘அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லு!’

நம் ஊரில் இதய நோய் என்றால் அதற்கு ரசீது வேண்டும். நெஞ்சில் தையல் தழும்பு, இல்லாவிட்டால் ஸ்டென்ட் கணக்கு. இரண்டும் இல்லாதவன் நடிக்கிறவன். என் சித்தப்பா மகன் ஒருவன், ‘மழைக்கால வேலையில இருந்து தப்பிக்க நல்ல வியாதி’ என்று என் காதுபடவே சொன்னான். நான் பதில் சொல்லவில்லை. அவனோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறேன், அது வேறு கதை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. 108க்கு ஏற்கெனவே ஒரு முறை வீணாகக் கூப்பிட்டாயிற்று, மறுபடி கூப்பிட வெட்கம். மகள் கல்லூரியில் ஒட்டியிருந்த எண் என்று சொல்லி 14416க்குப் போட்டுக் கொடுத்தாள். மனநலத்துக்கான அரசு எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள். எடுத்த பெண் என்னை உங்கள் வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம், வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெருவிளக்கு தெரிகிறது, ஃபிட்டிங் லூசாக இருக்கிறது, விட்டு விட்டு எரிகிறது என்றேன். ‘அதை யார் சரி பண்ணுவாங்க?’ என்றார். ‘நான்தாம்மா’ என்றேன். பிறகு மூச்சை மெதுவாக விடச் சொன்னார். அன்று தூங்கினேன்.

ஜனவரி கடைசியில் வேலூருக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வராந்தாவில் இரு முனையிலும் இரண்டு நாற்காலி போட்டு, ஆறு நிமிடம் உங்களால் முடிந்த அளவு நடங்க என்றார். 310 மீட்டர் வந்தது. பக்கத்தில் கண்புரைக்கு வந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, நோட்டில் 310 என்று எழுதிக்கொண்டு, ‘தினம் நடங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தல, பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி’ என்றார். எனக்கு எப்போதுமே பாட வராது என்றேன். முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தோம். இன்னொன்றும் சொன்னார்: ‘போற தூரம் கணக்கில்ல, திரும்பி வர்ற தூரத்துக்கும் சேர்த்துப் போங்க.’

திருவண்ணாமலைக்காரனுக்கு நடக்க இடம் தேட வேண்டியதில்லை. கிரிவலப்பாதை 14 கிலோமீட்டர், எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். மைல்கல்லுக்குப் பதில் எனக்கு அவைதான். பிப்ரவரியில் இந்திரலிங்கத்தில் ஆரம்பித்து அக்னிலிங்கம் வரை போக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. செருப்போடுதான் நடந்தேன், அண்ணாமலையார் மன்னிக்கட்டும், கால் புண் வேறு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் அக்னிலிங்கம் தாண்டியதும் நெஞ்சில் ஒரு துடிப்பு தவறியது. எல்லாருக்கும் எப்போதாவது தவறுவதுதான், ஆனால் எனக்கு அந்த ஒரு துடிப்பில் டிசம்பர் மாதம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் காவி கட்டிய ஒருவர் சுருட்டை ஊதிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘உக்காரு சாமி. மல எங்கியும் போவாது’ என்றார். சுருட்டுப் புகை தாங்காமல்தான் கொஞ்ச நேரத்தில் எழுந்தேன்.

எமலிங்கத்தைத் தொட்டது மார்ச் நடுவில். கற்பூரம் ஏற்றிவிட்டு மனைவிக்குப் போன் போட்டு, ‘எமனைப் பார்த்துட்டேன், திரும்பி வரேன்’ என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்ததும் திட்டு விழுந்தது.

இதற்கிடையில் பிளஸ் டூ படிக்கும் என் மகன் ஒரு கால்பந்து வீரனைப் பிடித்துக்கொண்டு வந்தான். கனடா நாட்டு அல்ஃபோன்சோ டேவிஸ், பேயர்ன் மியூனிக் அணிக்கு ஆடுகிறவன். 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு அவனுக்கும் இதே இதயத் தசை அழற்சி. ஏப்ரலில் மைதானத்துக்குத் திரும்பிவிட்டான். அந்த நவம்பரில் உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டாம் நிமிடத்திலேயே கோல். உலகக் கோப்பையில் கனடா ஆண்கள் அணியின் முதல் கோல் அதுதான். அந்த வீடியோவை மகன் எனக்கு இருபது தடவை போட்டுக் காட்டியிருப்பான்.

‘மூணு மாசத்துல ஆடிட்டான்பா.’

‘அவன் பின்னால பத்து டாக்டர் நிக்கிறாங்கடா.’

சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பந்தைத் தொடுவதற்கு முன் என்ன சோதனை, தொட்ட பிறகு என்ன சோதனை, முதல் வாரம் எவ்வளவு ஓட்டம் என்று சொல்ல ஆள் இருந்திருப்பார்கள். எனக்கு வேலூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட், 80 கிலோமீட்டருக்கு மேல், போக வர நாலு மணி நேரம் பஸ். மாதம் ஒரு முறை. மற்ற 29 நாளும் நானும் என் கழுத்தில் இருக்கும் இரண்டு விரலும்தான்.

வைகாசியில் ஒரு நாள் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி முழுச் சுற்றும் நடந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. குபேரலிங்கத்தைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்துதான் உள்ளே நுழைந்து வெளியே வர முடியும். சின்ன வயதில் இருந்து எத்தனையோ தடவை நுழைந்திருக்கிறேன். அன்று பாதி உடம்பு உள்ளே போனதும் இடது நெஞ்சு கல்லோடு ஒட்டியது. கல்லுக்குள் இருந்து இதயச் சத்தம் திரும்பி வந்தது, டொக் டொக்கென்று, யாரோ அந்தப் பக்கம் இருந்து தட்டுவது மாதிரி. கையை மடக்கிக் கழுத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தேன், அந்த இடுக்கில் கை மடங்காது. எண்ண வழியில்லை. பின்னால் வரிசையில் ஒரு அம்மா ‘சாமி, நகருங்க, புள்ள அழுவுது’ என்றாள். நகர்ந்தேன். வெளியே வந்து எழுந்து நின்றபோது முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தது. அன்றைக்குப் பிறகு கழுத்தில் விரல் வைப்பது குறைந்துபோனது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூனில் எக்கோ 54 காட்டியது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டரும் சரி, டிரெட்மில்லும் சரி. ஆறு நிமிட நடை 520 மீட்டர். இதயத்தில் சின்னத் தழும்பு ஒன்று இருக்கிறது, அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், இரண்டு மாத்திரை தொடர வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது. தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பணியில் சேரத் தகுதியானவர்.’ அவ்வளவுதான்.

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது இந்த ஒரு வரியைப் பற்றித்தான். தாளில் நான் தகுதியானவன். கம்பத்தடியில் போய் நின்றால் கால் நகரவில்லை. அலுவலகத்துக்கோ இரண்டே கட்டம்தான் தெரியும்: ஒன்று டூட்டி, இல்லை மெடிக்கல் லீவு. நடுவில் ஒன்றும் கிடையாது. அதிகாரி நல்ல மனிதர், ‘ஏறாத வேலையா பாருப்பா’ என்று புகார் எழுதும் போன் பக்கத்தில் உட்கார வைத்தார். நல்லெண்ணம்தான். ஆனால் ஏணியைத் தூக்கப் போனால் மூன்று பேர் ஓடி வந்து பிடுங்குவார்கள். சின்னப் பையன் ஒருவன், போன வருடம் வேலைக்கு வந்தவன், மறைக்காமல் சொன்னான்: ‘அண்ணே, மேல போயி உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்.’ சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது நியாயம். இதயத்துக்குக் கொடுத்த கார்வெடிலால் மாத்திரை போட்டால் சட்டென்று எழும்போது கண் இருட்டும். தரையில் இருட்டினால் உட்கார்ந்துகொள்ளலாம். கம்பத்தில்?

நான் போய் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். அவர் அதுவரை என் வேலை ‘அரசு வேலை’ என்று நினைத்திருந்தாராம். எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டேவா வேலை, கூட யாராவது இருப்பார்களா என்று பத்து நிமிடம் கேட்டார். பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட்டார். இரண்டு கிலோ மணல் பையைத் தலைக்கு மேல் பிடித்து நிற்கும் பயிற்சி கொடுத்தார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தன் கையால் எழுதினார்: இரண்டு வாரம் தரை வேலை. அடுத்த இரண்டு வாரம் ஏணியில் பாதி உயரம். பிறகு முழு உயரம், கரண்ட் இல்லாத லைனில் மட்டும், கீழே ஒரு ஆளோடு, அரைமணிக்கு மேல் வேண்டாம். தலை சுற்றினால் அன்று நிறுத்து. ராத்திரி வேலை மூன்று மாதம் கழித்து. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதிகாரி முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! அவருக்கும் இதுதான் தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு ஒரு இரும்பு ஏணி, 11 படி. ஒரு மாதம் அதுதான் என் பள்ளிக்கூடம். மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வாள். சுவரில் சிமென்ட் போட்டுப் பதித்த ஏணி அது, பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நானும் சொல்லவில்லை, அவளும் விடவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், ஆடிக் காற்று ஓய்ந்த சமயம். கிராமத்துக்கு வெளியே 8 மீட்டர் சிமென்ட் கம்பம், கம்பியைப் பிடித்திருக்கும் பீங்கான், ஷேக்கிள் இன்சுலேட்டர் என்போம், ஒன்று உடைந்திருந்தது. ஃபோர்மேன் அண்ணன் லைனில் கரண்டை நிறுத்தியாயிற்று என்ற லைன் கிளியர் வாங்கி, எர்த் ராடு மாட்டி, ஒரு முறைக்கு இரண்டு முறை செக் பண்ணினார். ‘ஏறுறியா?’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஏறினேன். பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். மேலே போனதும் நெஞ்சு வேகமாக அடித்தது. இது ஏறியதால் அடிக்கிறதா, பயத்தில் அடிக்கிறதா, நோயா? எட்டு மாதமாகக் கேட்ட கேள்விதான். ஸ்பேனரை எடுக்காமல் கம்பத்தை அணைத்துக்கொண்டு நின்றேன். கீழே வேர்க்கடலைக் கொல்லை. ஒரு பொம்பளை களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் இரண்டு ஆட்டுக்குட்டி முட்டிக்கொண்டிருந்தன. மூச்சை விட்டு விட்டு எண்ணினேன். அடிப்பு மெள்ள இறங்கியது. ஏறியதால் வந்தது என்றால் நின்றால் மெள்ள இறங்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கீழே இருந்து குரல் வந்தது: ‘இன்னாப்பா, காத்து வாங்கறியா?’

‘ஆமாண்ணே.’

‘வாங்கு வாங்கு.’

இருபது நிமிடத்தில் இன்சுலேட்டர் மாற்றி இறங்கினேன். கால் நடுங்கியது. யாரும் கை தட்டவில்லை. அந்தச் சின்னப் பையன் மட்டும் ஏணியைத் தூக்கும்போது ஒரு முனையை எனக்கு விட்டான்.

இப்போது என் வேண்டுகோள். பெரிதாக ஒன்றும் இல்லை. இதயத்தில் அடிபட்டு எழுந்தவனை, அது மாரடைப்போ, தசை அழற்சியோ, ஆபரேஷனோ, மெதுவாக நடக்க வைத்து, ஏற வைத்து, பயத்தைப் பேச வைத்து வேலைக்கு அனுப்புகிற ஒரு சின்னப் பிரிவு ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வேண்டும். ஒரு வராந்தா, இரண்டு நாற்காலி, ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு இ.சி.ஜி. மெஷின் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். இரண்டாவது, தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தில் ‘தகுதி உண்டு’, ‘இல்லை’ என்பதோடு, எதற்கு, எவ்வளவு நாளைக்கு, எப்படிப் படிப்படியாக என்று எழுத நாலு வரி இடம் விடுங்கள். எனக்கு அந்த நாலு வரி மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கிடைத்தது, நானாகப் போய்க் கேட்டதால். மூட்டை தூக்குகிறவன், லாரி ஓட்டுகிறவன், பனை ஏறுகிறவன் எல்லாரும் போய்க் கேட்பார்களா? கேட்டாலும் டாக்டருக்கு நேரம் இருக்குமா?

மூன்றாவது உங்களுக்கு. இனி இளம் வயதுச் சாவுச் செய்திகளில் காரணம் தெரியும் வரை ‘மாரடைப்பு’ என்று தலைப்பில் போடாதீர்கள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் இரண்டு அம்மாக்கள் மகன்களை இனி விளையாடவே போகாதே என்று தடுத்துவிட்டார்கள். தடுக்க வேண்டியது விளையாட்டை அல்ல, காய்ச்சல் விட்ட கையோடு விளையாடுவதை. கொஞ்ச நாள் பொறுத்தால் போதும், நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு.

இந்த டிசம்பர் 3 தீபத்துக்கும் எனக்கு டூட்டி. போன வருடம் நின்ற அதே டிரான்ஸ்ஃபார்மர். ஒரு தீபம்தான் தெரிந்தது. இடுப்பில் அந்தப் பொருக்கு இருந்த இடம் ஒரு நாலணா அளவுக்கு வெளுத்திருக்கிறது, பெல்ட் சரியாக அதன் மேல்தான் உட்காருகிறது.

என் பெயரைப் போட வேண்டாம். ஊரைப் போட்டுக்கொள்ளுங்கள். டீக்கடையில் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
திருவண்ணாமலை.